கூடையில் வந்த வேதம்

சனிக்கிழமை பொழுது சாய்ந்து, விழுப்புரம் பாசஞ்சர் கூவிக்கொண்டு போனதும், மண்ணாங்கட்டி வேர்க்கடலை அள்ளும் மல்லாட்டைக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருக்கும் மண்ணை ஊதிவிட்டுத் தெருவில் இறங்கிவிடுகிறார். முதல் வாசலில் நின்று, "மாற்கு கிளம்பியாச்சா?" என்று குரல் கொடுக்கிறார். உள்ளேயிருந்து ஒரு பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, சிவப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றைக் கூடையில் வைக்கிறாள். அடுத்த வாசலில் மத்தேயு. அதற்கடுத்து சங்கீதம். கடன் வசூலிக்க வருகிறவன்கூட இவ்வளவு உரிமையோடு வாசலில் நிற்க மாட்டான்.

திண்டிவனத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய கிறிஸ்தவக் கூலிக்காரக் குடும்பங்களின் தெரு அது. ஒரு கோடையில் கீற்றுக் கோயில் பற்றி எரிந்தபோது உள்ளே இருந்த வேதப்புத்தகமும் சாம்பலாகிவிட்டது. திண்டிவனத்து மிஷனில் புதிது கேட்டார்கள். சண்டைக் காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு, பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பொறுத்திருக்குமா? அவரவர் வீட்டில் கிடந்ததைத் தேடி எடுத்தார்கள். மாற்கு, யாரோ விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் பொழுதுபோகாமல் அரையணாவுக்கு வாங்கியது. சங்கீதம், பெரியதம்பியின் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு. ஆதியாகமத்துக்கு முதல் தாள் இல்லை. அந்தத் தெருவில் உலகம் மூன்றாம் நாள்தான் ஆரம்பித்தது. வெளிச்சம் எப்போது வந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வேலையை மண்ணாங்கட்டியிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஆரோன். ஆனால் முன்னால் பிறந்த பிள்ளைகளெல்லாம் தங்காமல் போனதால், யமன்கூடச் சீந்தக் கூடாது என்று தாய் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஆள் ஒல்லி, குரல் மட்டும் தடிமன். இராப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத்தான் படிப்பார். ஒரு வசனம் முடிவதற்குள் வயிற்றுப் பிள்ளைக்காரி பெற்றுவிடுவாள் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

கூடை வருகிறது என்று தெரிந்ததும் கண்டதையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து நோட்டீசு வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் நோட்டீசும் வந்தது. வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஒருவன் ஒரு கடுதாசி கொண்டுவந்தான். அதை எழுதிப் பல பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் சாவு விழும் என்று அதிலேயே கண்டிருந்தது. மண்ணாங்கட்டி அதை இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பயமுறுத்திப் படிக்க வெக்கிறது வேதம் இல்லடா" என்றார். அன்றிலிருந்து எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்பார். யார் குடுத்தது? எந்தச் சபையில படிச்சிக்கினு இருந்தது? கேட்ட சனம் இன்னொருக்கா கேக்குதா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் கூடையில் இடம்.

மாற்கு வீட்டுக்கும் மத்தேயு வீட்டுக்கும் ஒரு சமயம் சண்டை மூண்டது. எரிகோ வழியில் பார்வை பெற்ற குருடன் ஒருவன் என்கிறது ஒரு புத்தகம், இருவர் என்கிறது மற்றது. எது மெய்யோ அதை மட்டும் கூடையில் வை என்று இரண்டு வீட்டாரும் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். மண்ணாங்கட்டி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தவில்லை. "ஒரு கண்ணாலத்துக்குப் போய்ட்டு வந்த ரெண்டு பேரு ஒரே மாதிரியா சொல்றான்? ரெண்டு பேரும் போனவன்தான். ரெண்டும் இருக்கட்டும்" என்று இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள் இருக்கும். நாலாக மடித்தது, மடிப்பெல்லாம் இற்றுப்போனது. அது மண்ணாங்கட்டி வீட்டு வேதம்.

அவருக்கும் குப்பம்மாளுக்கும் ஒரே பெண், ஜெயம். கோயில் எரிவதற்கு முந்திய வருஷம் விஷக்காய்ச்சல் கண்டு, விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் ஏழு வயதில் போய்விட்டாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த சவுரியம்மாள் என்ற பெண் தன் ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைப் படித்தாள். நல்லவர்களின் ஆத்துமா சர்வேசுரனின் கையில் இருக்கிறது, அங்கே ஒரு வாதையும் அவர்களைத் தொடாது, அறியாதவர்கள்தான் அவர்கள் செத்ததாக நினைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. படித்து முடித்தவள் தாளைக் கிழித்து மண்ணாங்கட்டியின் கையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் ரயிலடியைத் தாண்டி வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டேன் என்று அவர் சொல்வார். அப்புறம் தெருவில் யாரை அடக்கம் செய்தாலும் குழியடியில் அதைப் படிப்பது வழக்கமாயிற்று. அந்தத் தாளுக்கு மட்டும் யாரும் மூன்று கேள்வி கேட்கவில்லை.

போன வருஷம் விருத்தாசலம் என்ற மிஷன் போதகர் சைக்கிளில் முழு வேதப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தெருவே கூடிவிட்டது. அவரவர் வீட்டுப் புத்தகம் இதற்குள் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மாற்கு இருந்தது, சங்கீதம் இருந்தது. ஆதியாகமத்தின் முதல் நாளையும் இரண்டாம் நாளையும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். கடைசியாக மண்ணாங்கட்டி தாளை நீட்டினார். கடவுளுக்குக் கத்தோலிக்கர் வழங்கும் சர்வேசுரன் என்ற சொல்லைக் கண்டதுமே போதகர் நிமிர்ந்து பார்த்தார். புரட்டித் தேடுவது போல் பாவனை செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

"இது ரோமான் சபையாரோட வேதத்துல இருக்குது. நம்ம வேதத்துல இல்ல" என்றார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆதியில் ஒரே புத்தகம் என்று எதுவும் இருக்கவில்லை. ஒரு ஊர்ச் சபையிடம் அப்போஸ்தலர் கடிதமாக எழுதிய ஒரு நிருபம் இருக்கும், இன்னோர் ஊரில் ஒரு சுவிசேஷம் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி எழுதிக்கொண்டார்கள். அப்போஸ்தலர் வழியாக வந்ததா, எல்லாச் சபைகளிலும் படிக்கிறார்களா என்று விசாரித்தார்கள். சனங்கள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்ததைத்தான் பெரியவர்கள் பின்னால் இதுதான் வேதம் என்று எழுதி வைத்தார்கள். சில புத்தகங்களைப் பற்றி மட்டும் சபைகள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவற்றில் ஒன்றுதான் இது. "நீங்க மூணு வருஷமா கூடையில பண்ணதைத்தான் அவங்க முந்நூறு வருஷத்துக்கு மேல பண்ணாங்க" என்று சிரித்தார்.

மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. "அப்ப எம் பொண்ணு யாரு கையில இருக்குதுங்க ஐயா?"

போதகர் யோவானைத் திருப்பி, பிதாவின் கையிலிருந்து யாரும் பறித்துக்கொள்ள முடியாது என்ற இடத்தைப் படித்துக் காட்டினார். நல்ல மனுஷர், நிறுத்தி நிதானமாகத்தான் படித்தார். மண்ணாங்கட்டி தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அவ தலைமாட்டுல படிச்சது இது" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கூடையில் வைக்கவில்லை.

அன்று அவர் கூழ் குடிக்கவில்லை. குப்பம்மாள் ஏன் என்று கேட்டதற்கு, ஊரையெல்லாம் கேட்ட கேள்வியை என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, இனிமேல் அதைப் படிப்பது நியாயமில்லை என்றார். அவள் கேப்பை மாவைக் கிண்டிக்கொண்டே, "மூணாவது கேள்வி என்னாச்சி? கேட்ட சனம் இன்னொருக்கா கேக்கலயா?" என்றாள். ஆனாலும் அவர் பிடித்த பிடியை விடவில்லை. புதுப் புத்தகம் வந்த பிறகும் கூடை நிற்கவில்லை. தங்கள் வீட்டு வேதம் கோயிலுக்குப் போகாவிட்டால் ஞாயிறு ஞாயிறாகவே தெரியவில்லை என்கிறார்கள் தெருவில். கூடையில் மேலே மட்டும் இப்போது ஒன்றும் இல்லை.

போன மாதம் பெரியதம்பி இறந்துபோனார். குழியடியில் போதகர் புதுப் புத்தகத்திலிருந்து படித்து ஜெபம் பண்ணி ஆமென் சொன்னார். மண்ணை அள்ளிய கைகள் அப்படியே நின்றன, ஒருவரும் போடவில்லை. சங்கீதப் புத்தகத்தைப் பரிசாக வாங்கிய பெரியதம்பியின் மகள் கைநிறைய மண்ணோடு மண்ணாங்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்ணாங்கட்டி போதகரைப் பார்த்தார். போதகர் புத்தகத்தை மூடினார். மூடிய புத்தகத்தோடு ஓர் அடி விலகி நின்றார்.

மண்ணாங்கட்டி இடுப்பிலிருந்து தாளை எடுத்துப் பிரித்ததும் காற்று அதைப் படபடவென்று அடித்தது. இற்றுப்போன மடிப்பு கிழிந்துவிடும்போல் இருந்தது. போதகர் ஓர் எட்டு முன்னால் வந்து, மூடிய வேதப்புத்தகத்தைப் பலகை போல இரண்டு கையாலும் அதன் அடியில் நீட்டினார். அந்தப் புத்தகத்தில் இல்லாத தாளை அதன்மேல் அப்படியே வைக்க மண்ணாங்கட்டிக்குக் கை வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, மடித்து, புத்தகத்தின்மேல் விரித்தார். துண்டின்மேல் தாளை வைத்து நீவிவிட்டு, முதல் எழுத்தின்மேல் விரலை ஊன்றினார்.