மூன்றாவது சொல்

நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் மாமி என்னிடம் ஒரு படம் கேட்டார். கணவரின் தாயாரான மாமிதான் எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்து ஏழை வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி கொடுப்பவர். பெண்களின் கொடுக்கிற மனது இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும், சதக்கா என்கிற தர்மத்தைப் பற்றி நல்ல படம் இருந்தால் போடு என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவள். இணையத்தில் தேடியபோது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் அகப்பட்டது. எந்த நாட்டுப் பாஷையோ தெரியாது, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். குறிப்பில் மூன்று சொற்கள் இருந்தன: நம்பிக்கை, தர்மம், வஞ்சகம். முதல் இரண்டையும் வாசித்துவிட்டு இறக்கி எடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டு டீவியின் முன் உட்கார்ந்தார்கள். ஓடுகிற எழுத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். கதவைத் தட்டுகிற யாரையும் பசியோடு அனுப்புவதில்லை என்று நேர்ந்துகொண்ட விதவை ஒருத்தியின் கதை. பெண்கள் உருகிப்போனார்கள். கண் தெரியாத ஒருவன் வந்து சேர்ந்தான். அவனைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தாள்.

அடுத்த காட்சியில் அவன் தனியாக இருந்து பத்திரிகை வாசித்தான்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவள் இறைவனிடம் கேட்ட துஆவினால் அவனுக்குப் பார்வை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மாஷா அல்லாஹ் என்றார்கள். விதவை உள்ளே வந்ததும் அவன் மறுபடி தடியால் தரையைத் தடவினான்.

“திரும்பியும் போயிட்டா புள்ள?” என்று பக்கத்து வீட்டு ராத்தா கவலையோடு கேட்டார்.

வரும், போகும் என்றேன். அவன் அவள் வீட்டு மா மூட்டைகளை இரகசியமாக வெளியே ஏற்றினான். ஏழைகளுக்குக் கொண்டுபோகிறான் என்றேன். விற்றுக் காசை மடியில் கட்டினான். அதற்கும் ஏதோ சொன்னேன். கடைசியில் அவளை வெளியே தள்ளி, அவளுடைய கதவையே சாத்தினான்.

மாமி என் பக்கம் திரும்பினார். “மகள், நீங்க கதைக்கிறது ஒண்டு, அந்தாள் செய்யிறது வேற ஒண்டு. உள்ளதச் சொல்லுங்க.”

வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன். கோபிப்பார்கள் என்று நினைத்தேன். மாறாக, அவன் பத்திரிகை வாசித்த இடத்திலிருந்து மறுபடி போடச் சொன்னார்கள். இம்முறை ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கதவு சாத்திய இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ராத்தா ஒரு விஷயத்தைப் போட்டுடைத்தார். வெள்ளிக்கிழமைகளில் ஊன்றுகோலோடு எங்கள் தெருவுக்குத் தர்மம் கேட்டு வருகிற மனிதரை, நற்பிட்டிமுனை வயல் வரம்பில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது பார்த்தாராம். உடனே ஆளாளுக்கு ஒரு கள்ளனை நினைவு கூர்ந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்து, உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுப்போம் என்றார் ஒருவர். நான் போட்ட படத்தால் பொதி கொடுப்பதே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

மாமி யோசித்துவிட்டுச் சொன்னார்: “விசாரிக்க வெளிக்கிட்டா நோன்பு முடிஞ்சி பெருநாளும் வந்திரும். எத்தின பேர் பொய் சொல்லுவாங்க? ரெண்டு பேரா? ரெண்டு பொதி கூடக் கட்டுவம்.”

அப்படியே கூடக் கட்டினோம். அடுத்த வெள்ளி அந்த மனிதரைக் காணவில்லை. எப்படியோ செய்தி போயிருக்க வேண்டும். அதற்கடுத்த வெள்ளி வந்தார். ஊன்றுகோல் வழக்கமான வலப்பக்கத்தில் இல்லை, இடப்பக்கத்தில் இருந்தது. ராத்தா என் கையைக் கிள்ளினார். மாமியும் கவனித்திருப்பார். ஆனாலும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பொதியை நீட்டி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார்.

அவர் அங்கேயே பொதியை அவிழ்த்து அரிசி, பருப்பு, சீனி, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

“ஏன் உம்மா, இந்த முற எண்ணெய் இல்லையா?”

மாமி என்னைப் பார்த்தார். எண்ணெய்ப் போத்தலை எடுக்க நான் குசினிக்குள் ஓடினேன். சிரிப்பை அங்கேதான் சிரிக்க முடியும்.