மேட்டில் பார்த்த அளவு

ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை பிட்டர் வேலை பார்க்கும் டொமினிக்கைப் பற்றி விசாரித்தால், ஆளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவருடைய ‘காடி’யைப் பற்றி, அதாவது காரைப் பற்றி, சொல்லிவிடுவார்கள். பழைய புரோட்டான் வீரா. வெளியே பார்த்தால் முட்டைக்கோசு ஏற்றிப் போகிற வண்டி மாதிரி இருக்கும். உள்ளே ஜப்பானிலிருந்து வந்த டர்போ இன்ஜின். ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் தோட்டத்தில் இல்லை. மனுஷர் சிரித்துவிட்டு மறுபடியும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அந்த இன்ஜினுக்கு அவர் வைத்திருந்த பத்தியமே தனி. தொண்ணூற்றேழு ஆக்டேன் பெட்ரோல் ஏழு பங்கு, எத்தனால் மூன்று பங்கு. எத்தனால் சேர்ந்தால் உள்ளே சூடு தணியும். டர்போ எவ்வளவு காற்றை அமுக்கினாலும் இன்ஜின் உள்ளே தட்டிக் கெட்டுப்போகாது. ஆனால் எத்தனால் கூடிப்போனால் மலைக்குளிரில் காலையில் கிளம்பாது என்று, டியூன் செய்துகொடுத்த ஈப்போ மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் டொமினிக் அளவு விஷயத்தில் கறார்.

இந்தப் பெருமையில் எல்லாம் மயங்காத ஒரே ஆள் அவர் மனைவி பார்பரா. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பதினெட்டு வருடமாகத் தராசு அவள் பொறுப்பு. ஆறு வருடத்துக்கு முன்பு தாப்பா ரோட்டில் கொட்டுகிற மழையில் கார் நின்றுபோய், காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு வீடு வந்தவள், அன்றோடு அதில் ஏறுவதை விட்டுவிட்டாள். கோயிலுக்கும் டவுனுக்கும், தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் அகிலனுடைய வேன்தான்.

இந்த வருடம் அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தானா ராத்தா டவுன் மாதா கோயிலில் எட்டு மணிப் பூசை. ஒரு மாதமாகக் கெஞ்சி, கடைசியில் பார்பராவைச் சம்மதிக்க வைத்திருந்தார் டொமினிக். இந்த ஒரு தடவை சொதப்பினால் அவள் இனி ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

வழக்கமாகத் தொழிற்சாலை முற்றத்தில்தான் கலப்பார். அந்தச் சனிக்கிழமை காரை அவளுக்காகப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்ததால், சேற்றில் இறக்க மனம் வரவில்லை. லயத்து வீட்டு வாசலில் நின்ற நிலையிலேயே பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அரை டேங்க் வெறும் பெட்ரோல். கணக்குப் போட்டுப் பத்து லிட்டர் எத்தனாலை ஊற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் பார்பரா அரக்குப் பட்டுச்சேலையில் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். டொமினிக் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமுவதற்குப் பதில் முனகியது. இன்னொரு தடவை. மறுபடியும் முனகல். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா அகிலனின் வேன் வர வேண்டும்? பக்கத்தில் நிறுத்தி, ஒரு சீட் காலி என்றான். இதோ இறங்கப் போகிறாள் என்று டொமினிக் தலையைக் குனிந்துகொண்டார். பார்பரா கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க போங்க அகிலன். நாங்க பின்னால வர்றோம்."

வேன் போய்விட்டது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பெட்ரோல் எண்ணெய எங்க வச்சு அளந்தீங்க?"

"இங்கதான், வாசல்ல."

பார்பரா முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்ற பானட்டைப் பார்த்தாள். "இந்தச் சரிவுல தராச வச்சு நான் கொழுந்து நிறுத்தா ஒத்துக்குவீங்களா? பிரேக்க எடுங்க லா."

கார் சத்தமில்லாமல் பின்னால் உருண்டு கொட்டகைக்கு முன்னால் போய் நின்றது. லயத்துப் பக்கத்தில் மட்டமான தரை அது ஒன்றுதான். முக்கால் டேங்க் காட்டிய முள் மெல்லச் சரிந்து அரைக்கும் கீழே வந்து நின்றது. நேற்று அரை என்று நம்பியது கால் டேங்க்தான். பத்துக்கு மூன்று என்று நினைத்து ஊற்றியது ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகியிருந்தது. டொமினிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சிரிப்பும் வந்தது.

ஓடிப்போய், வீட்டில் வைத்திருந்த தொண்ணூற்றேழு பெட்ரோல் டின்னைக் கொண்டுவந்து பத்து லிட்டரையும் ஊற்றினார். சாவியை நான்கைந்து தடவை போட்டு நிறுத்திப் புது எண்ணெயை இன்ஜினுக்கு அனுப்பினார். காரைத் தள்ளித் திருப்பிக் கொட்டகைக்கு அப்பால் இருந்த இறக்கத்தில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். இரண்டு குலுக்கல். மூன்றாவதில் இன்ஜின் பிடித்துக்கொண்டு, கொழுந்துச் சரிவு முழுக்கக் கேட்கும்படி உறுமியது.

தானா ராத்தா போகும் வழியெல்லாம் அந்த டர்போ கார் கொழுந்து லாரி வேகத்தில்தான் போனது. பாதி வழியில் டொமினிக்குக்குப் பொறுக்கவில்லை. ஏன் வேனில் ஏறவில்லை என்று கேட்டார்.

"ஏறியிருந்தா இன்னும் ஆறு வருஷம் இந்தக் காடியத்தான் பாத்துக்கிட்டு கெடப்பீங்க," என்றாள் பார்பரா. "அப்புறம் என்னைய எப்பப் பாக்குறது?"

டொமினிக் கியரிலிருந்து கையை எடுத்தார். கியர் மாற்ற வேண்டிய வளைவு வந்தது. அவர் கை அவள் கைமேல் இருந்தது. இன்ஜின் திணறியபடியே அந்த வளைவைக் கடந்தது.