பதினொன்றாவது கப்பு

லேத் மெஷினில் இருபத்திரண்டு வருஷம் இரும்பைக் கடைந்தவர் தங்கதுரை. கோவில்பட்டியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வந்த ஆள். கம்பெனியில் கம்ப்யூட்டர் மெஷின் வந்து இவரை வீட்டுக்கு அனுப்பியதும், பாகலூர் ரோட்டில் ரூபா நடத்தும் மண்பாண்டப் பட்டறையில் சக்கரத்து மோட்டரைப் பார்த்துக்கொள்ளவும் மண் பிசையவும் சேர்ந்தார். ஆனால் சுற்றுகிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. கப்புக்கு அடி சீவுகிற வேலையைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டே விட்டார்.

"சனிக்கிழமை பத்துக் கப்பு ஓட்டை விழாம சீவிக் காட்டுங்கணா. சக்கரம் உங்களுக்குத்தான். இல்லாட்டி மண்ணு பிசையறதோட சரி" என்றாள் ரூபா.

இதென்ன பெரிய கம்பசூத்திரமா! பாதி காய்ந்த கப்பைச் சக்கரத்தில் கவிழ்த்து, நட்டநடுவில் வைத்து, சுற்றவிட்டு, அடியிலுள்ள தடிமனைச் சீவ வேண்டும். தங்கதுரை லேத் பழக்கத்தில், சக்கரத்தோடு ஒட்டியிருக்கும் விளிம்பில் ஊசியை நீட்டி மயிரிழை பிசகாமல் நடு பார்த்தார். சீவினார். பொத்தென்று ஓட்டை. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு கப்புகள் கழிவுமண் வாளிக்குப் போயின. அவமானம் பிடுங்கித் தின்றது.

எட்டாவதும் ஓட்டையானதும், ஆத்திரத்தில் அதைக் கம்பியால் இரண்டாக அறுத்தார். சுவர் ஒரு பக்கம் அப்பளம், மறுபக்கம் செங்கல். அட! காயும்போது விளிம்பு கோணியிருக்கிறது. கோணல் வாயை நடுவில் வைத்துவிட்டு அடியைச் சீவினால் உருப்படுமா? கரடுமுரடான வார்ப்பு இரும்பு லேத்துக்கு வந்தால், கடையப்போகிற இடத்தில்தானே நடு பார்ப்போம்? தன் மண்டையில் தானே குட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை ரூபா எதிரே நின்றாள். இந்தமுறை ஊசியை அடிப்பக்கம் பிடித்தார். சக்கரம் சுற்றச் சுற்ற, மேடு வரும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டு. ஒரு பக்கம் மட்டும் விழுந்த ஊசிக் கோடு முழு வட்டமானது. கப்பு நகராமல் களிமண்ணை அண்டை கொடுத்துச் சீவினார். மண் சுருள் சுருளாய் உதிர்ந்தது. லேத்தில் இரும்பும் இப்படித்தான் உதிரும்; அந்தச் சுருளைப் பார்த்து எத்தனை மாதம்! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பத்தாவதையும் வாங்கி ரூபா சுண்டிப் பார்த்தாள். "பத்தும் பாஸுணா! மோட்டருக்குத்தான் இனி வேற ஆள் பாக்கணும்."

"அதையும் நானே பாத்துக்கிடுதேம்மா" என்றார் தங்கதுரை, சக்கரத்தை விட்டு எழாமலே. "அடுத்த கப்பை எடுங்க."