வெள்ளைக்கொழும்பான்

அஜின்கோர்ட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இப்போதெல்லாம் என் கால் அப்பிள் பெட்டிகள் பக்கம்தான் போகிறது. ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்ப்பேன். “அண்ணை, எல்லாம் ஒரே அப்பிள்தானே?” என்று கடைக்கார அன்ரி கேட்டுவிட்டா. அவவுக்கு என்ன தெரியும்? கீமோ தொடங்கியதிலிருந்து என் மனைவி மலருக்கு வாயெல்லாம் புண். புளிப்புப் பட்டாலே துடித்துப்போகிறாள். போன கிழமை அவளாகவே வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, அந்த வெள்ளைக்கொழும்பான் எங்கையாவது கிடைக்குமோ?”

நீங்கள் மாம்பழம் என்று நினைப்பீர்கள். ஊரில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்று வளர்ந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். இது அப்பிள், பெயர் நாங்கள் வைத்தது. கலியாணம் முடித்த புதிதில் யூனியன்வில்லில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தோம். பின்வளவில் ஒரு கிழட்டு மரம். காய் வெளிர்மஞ்சள், காம்பிலிருந்து அடிவரை தையல் போட்டதுபோல் ஒரு கோடு. நிறத்தைப் பார்த்து நல்ல புளியென்று நம்பி, மாங்காய்க்குப் பதிலாக மீன்குழம்புக்குள் வெட்டிப் போட்டேன். அன்று சமையல் என் முறை.

“உதென்ன, மீன் பாயசமோ?”

மலர் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த வீட்டுக்கார வெள்ளைக்காரர் இறங்கி வந்துவிட்டார். அப்பிளின் பெயரை இரண்டு தரம் சொன்னார். எனக்கிருந்த ஆங்கிலத்துக்குத் தலையாட்டத்தான் முடிந்தது. இறுகிய சதை, சாறு குறைவு, பிஞ்சில்கூடப் புளிக்காது. முதல் பனி கொட்டும்வரை மரத்திலேயே தொங்கும். மலர் வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒன்று பிடுங்கிக் கடிப்பாள்.

பெயர் தெரியாத பழத்தை எப்படித் தேடுவது? “மஞ்சள், கோடு போட்டது” என்றால் கடைகளில் சிரிக்கிறார்கள். யூனியன்வில்லுக்கே போய்ப் பார்த்தேன். வீடும் இல்லை, வளவும் இல்லை, வரிசையாக டவுன்ஹவுஸ்கள். பிறகு வோபர்ன் பக்கத்துக் கடைகள், திரும்பவும் அஜின்கோர்ட். உண்மையைச் சொன்னால், வீட்டில் இருக்கப் பயம். இருந்தால் அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பதைப் பார்க்கவேண்டும்.

நேற்று மஞ்சளாக ஒன்று அகப்பட்டது. கோடு இல்லை. தோல் சீவி, மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தேன். வாயில் வைத்தாள். கண் கலங்கியது.

“உதுதானே?”

“ஓம், இதுதான். இனிக் காரை எடுத்துக்கொண்டு திரியாதேங்கோ. பக்கத்தில இருங்கோ.”

இருந்தேன். அவள் கண்ணை மூடியதும் மிச்சத் துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். நல்ல புளி. அன்றைக்கு மீன்குழம்புக்குள் இதைப் போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள்.