கொத்தனாரின் கவனக்குறைவு

என் அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. தொழில், கொத்து வேலை. அண்ணிக்கு வயது ஐம்பத்து மூன்று. தொழில், டைல்ஸ் சில்லுகளைப் பதித்துச் சிலை செய்வது. திருமணமாகி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், வேறு ஊரில் குடித்தனம் செய்கிறாள். வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் உள்ளன. பின்பக்கம் பன்னிரண்டடிக்குப் பதினெட்டடியில் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதைப் பட்டறை என்று அழைக்கிறோம். அண்ணியின் சிலைகளை மூன்று காட்சிக்கூடங்கள் விற்றுக் கொடுத்திருக்கின்றன. விற்ற விலையில் பாதி காட்சிக்கூடத்துக்கு. எங்கள் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணம், நோய், வீடு மாற்றம் ஆகியவற்றைத் தேதியோடு குறித்துவைப்பவன் என்ற முறையில், இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

அண்ணி முதலில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் உடைந்த டைல்ஸ் அட்டைப்பெட்டிகளில் கிடக்கும். அவற்றை அள்ளிப்போக முதலாளி கூலி கொடுத்து ஆள் அமர்த்துவார். அண்ணி தினமும் சாப்பாட்டுப் பையில் நாலு துண்டுகளைப் போட்டு எடுத்துவரத் தொடங்கினார். அப்போது உயிரோடிருந்த எங்கள் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ஊரு உலகத்துல பொம்பளைங்க கடையிலேருந்து சாமான் கொண்டாருவாங்க. இவ ஒடசல கொண்டாரா" என்றார்.

"காசு கேக்காத சாமான்தானேம்மா, விடு" என்றார் அண்ணன்.

முதல் சிலை ஒரு கோழி. அதற்கு உடல் செய்து கொடுத்தவர் அண்ணன். இரும்புக் கம்பியை வளைத்து, கோழிவலையைச் சுற்றி, அதன்மேல் சிமென்ட் கலவையைப் பூசி, கழுத்தும் வயிறும் வாலும் கண்ணளவிலேயே சரியாக அமையும்படி உருட்டினார். சாய்ந்த சுவரைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார் என்பதால் கட்டட வேலையிடங்களில் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரான 'ரசமட்டம்' பட்டப்பெயர். அந்தக் கண்தான் கோழிக்கும் வேலை செய்தது. அதன்பின் வந்த எல்லாச் சிலைகளுக்கும் இதே ஏற்பாடு. "உடம்பு என்னுது, தோலு உன்னுது" என்பார் அண்ணன். அண்ணி குறடால் சில்லுகளை நறுக்கி, அந்த உடம்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்ப ஒவ்வொன்றாகப் பதிப்பார். அதில் அவருக்கு நிகர் நான் பார்த்ததில்லை. ஒரே பச்சையில் பதினோரு பச்சை பிரித்துவைப்பார்.

அண்ணன் வைத்த விதி ஒன்றே ஒன்று. சிமென்ட் பூசி முடித்ததும் ஈரச் சாக்கைச் சுற்றிவிட வேண்டும். இருபத்தொரு நாள் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுவரை சில்லு பதிக்கக் கூடாது. சிமென்ட் மேலே காய்ந்த பிறகும் உள்ளே இறுகிக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கும். அவசரப்பட்டுத் தோலால் மூடினால், உள்ளே தங்கிய தண்ணீர் இடுக்குகளின் வழியே வெளியே வரும். வரும்போது வெள்ளையாக உப்புப் பூக்கும். சில்லுகள் பிடி விடும். பூசிய தேதியை அண்ணன் பட்டைப் பென்சிலால் பீடத்தின் அடியில் எழுதிவைப்பார்.

முதல் காட்சிக்கூடத்துக்குக் கோழியைத் தோளில் சுமந்து போனவரும் அவர்தான். உள்ளே நுழைந்ததும் முதலாளி, "அந்த மூலைல வெச்சிடுப்பா" என்று சொல்லி, டீ குடிக்கச் சில்லறை கொடுத்தார். பிறகு அண்ணியிடம் திரும்பி, சிலையருகே வைக்கும் அட்டையில் போடுவதற்குப் பெயர் கேட்டார். அண்ணி தம் பெயரைச் சொன்னார். அந்தச் சில்லறையில் இருவரும் வெளியே டீ குடித்தார்கள். அண்ணன் இதை உறவினர் வீடுகளில் பல ஆண்டுகள் வேடிக்கையாகச் சொல்லிவந்தார். சொல்லும்போதெல்லாம் அண்ணியும் சிரிப்பார். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். இதை நான் கவனித்தது வெகுநாள் கழித்துத்தான்.

ஒன்பதாம் ஆண்டில் அவர்கள் செய்தது, தலையைக் குனிந்து ஈர முடியைத் துவட்டும் பெண்ணின் சிலை. உயரம் நான்கடி. அண்ணன் உடலைப் பூசி முடித்தது நான்காம் தேதி. மறுநாள் வெளியூரில் ஒரு கட்டட வேலைக்குப் புறப்பட்டார். போகும்போது, "இருபத்தஞ்சு வரைக்கும் சாக்க எடுக்காத" என்று இரண்டு தடவை சொன்னார்.

பதினொன்றாம் தேதி காட்சிக்கூடத்து முதலாளி தொலைபேசியில் அழைத்தார். ஒரு டாக்டர் புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்துக்குச் சிலை தேடுகிறார், இருபத்தொன்றாம் தேதி வெளிநாடு போகிறார், அதற்குள் பார்த்தால் வாங்கிவிடுவார் என்றார். பதின்மூன்றாம் தேதி, அண்ணனின் பேத்தி பிறந்த நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள நான் பட்டறைக்குப் போனபோது, சாக்குகள் மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணி சிலையின் முதுகில் சில்லு பதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணன் இருபத்தஞ்சுன்னாரே?"

"தொட்டுப் பாருங்க தம்பி. நல்லாத்தான் காஞ்சிருக்கு."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும், பூசிய தேதியையும் பதிக்கத் தொடங்கிய தேதியையும் என் நோட்டில் எழுதினேன். இடைவெளி ஒன்பது நாள்.

டாக்டர் சிலையை வாங்கினார். அதுவரை அண்ணிக்குக் கிடைத்த விலைகளில் அதுவே பெரிது. அண்ணன் திரும்பி வந்தபோது பட்டறை காலியாக இருந்தது.

"அவசரப்பட்டுட்ட போல."

"கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"சரி. அது அதிர்ஷ்டம் இருந்தா நிக்கும்" என்றதோடு அண்ணன் கை கழுவப் போய்விட்டார்.

ஏழு மாதம் நின்றது. பிறகு கழுத்தில் உப்புப் பூத்தது. ஒரு காலையில் டாக்டர் வீட்டு வேலைக்காரப் பெண் கூடத்தைப் பெருக்கும்போது, முதுகுச் சில்லுகள் கைப்பிடி அளவு துடைப்பத்தோடு வந்தன.

அண்ணி என் வீட்டுக்கு வந்த நாளை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றார். இன்னும் இரண்டு மாதத்தில் அந்தக் காட்சிக்கூடத்தில் அவருடைய சிலைகளை மட்டுமே வைத்து முதல் தனிக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்காகக் கடை வேலையையும் விட்டிருந்தார்.

"ஏன் இப்படி ஆச்சுன்னு காட்சிக்கூடத்துல எழுத்துல கேக்கறாங்க தம்பி. டாக்டருக்குக் காட்டணுமாம். நீங்கதான் ஒரு கடிதம் எழுதித் தரணும்."

"நடந்தத எழுதிடலாமா அண்ணி?"

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சில்லு பதிச்சதுல கோளாறுன்னா முதலாளி கண்காட்சிய நிறுத்திடுவாராம். அடியில இருக்கிற சிமென்ட்ல கோளாறுன்னா அது வேற விஷயமாம். அதுக்கு நான் பொறுப்பில்லையாம். அவரே வழி எடுத்துக் குடுக்கிறார்."

"சிமென்ட் யாரு பூசினதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"யாரோ கொத்தனார்னு நெனச்சிட்டிருக்கார்."

"ஒன்பது நாள் அண்ணி. என் நோட்டுலயே இருக்கு."

"எனக்குத் தெரியாதா தம்பி? சாக்க எடுத்த கை இதுதானே."

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கடிதம் எழுதுவதே என் வேலை. எந்தத் தவற்றையும் யார் மீதும் படாமல், அல்லது வேண்டிய ஒருவர் மீது மட்டும் படும்படி எழுத எனக்குத் தெரியும். அண்ணி 'என் கணவர்' என்ற சொல் வரக்கூடாது என்றார். 'அடித்தளப் பணியை மேற்கொண்ட உள்ளூர்க் கொத்தனாரின் கவனக்குறைவால்' என்று எழுதினேன். அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். அண்ணி படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. அன்றைய தேதிக்குக் கீழே என் நோட்டில் எதையும் நான் எழுதவில்லை; முப்பதாண்டுப் பதிவில் காய்ச்சலில் படுத்த நாளுக்குக்கூட ஒரு வரி உண்டு.

சிலையைப் பழுதுபார்க்க எடுத்துவர அண்ணன்தான் வண்டி பிடித்துப் போனார். அங்கே நடந்ததை அவர் எங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. வண்டி ஓட்டுநர் சொன்னார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். டாக்டர் மரியாதையானவர். கோபப்படாமல் கடிதத்தை எடுத்துவந்து அண்ணனிடம் காட்டியிருக்கிறார்.

"நீங்க அந்த மேடத்தோட ஆளா? இந்தக் கொத்தனார் இன்னும் அவங்ககிட்டதான் வேலை செய்யறாரா?"

அண்ணன் கடிதத்தை முழுவதும் படித்தாராம். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "செய்யறாருங்க" என்றாராம்.

"ஆள மாத்தச் சொல்லுங்க."

"சொல்றேங்க."

மாலையில் சிலை பட்டறைக்கு வந்தது. அண்ணியும் நானும் அங்கே இருந்தோம். அண்ணன் அதைச் சாக்கின் மேல் சாய்த்துப் படுக்கவைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"டாக்டர் கொத்தனார மாத்தச் சொன்னாரு" என்றார்.

அண்ணி சிலையின் பெயர்ந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கூலிக்கு வேற ஆளு கெடைக்கிறது கஷ்டம்னு நான் அவர்கிட்ட சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பினார். "கடுதாசி நீ எழுதினதுதானே?"

"ஆமாண்ணா."

"நெனச்சேன். கவனக்குறைவுன்னு நம்ம வீட்டுல வேற யாருக்கும் வாயில வராது."

அண்ணி, "என்னங்க" என்று தொடங்கினார்.

"பேரு போடலியே, விடு. ஊருல ஆயிரம் கொத்தனாரு. எவனோ ஒருத்தன்னு நெனச்சுக்குவாங்க." அவர் இதை ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். அண்ணி சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மறுநாளே உளியை எடுத்தார். சில்லுகளைப் பெயர்த்து, உடலை உடைத்து, புதிதாகப் பூசினார். இந்த முறை இருபத்தெட்டு நாள் சாக்குச் சுற்றியிருந்தது. அண்ணி தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளித்தார். ஆனால், "இனிமே பதிக்கலாம்" என்று சொல்லி அண்ணனே சாக்கை அவிழ்த்துக் கொடுக்கும்வரை அதை விரலால்கூடத் தொடவில்லை. அந்தச் சிலை இன்றும் டாக்டர் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது.

தனிக் கண்காட்சி குறித்த தேதியில் நடந்தது. பதினான்கு சிலைகளில் ஒன்பது விற்றன. அவற்றைத் தூக்கிவந்து இடம் பார்த்து நிறுத்திய அண்ணன், விருந்தினர் வரும் முன்பே சட்டையில் சிமென்ட் இருக்கிறதென்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அன்று அவர் அணிந்திருந்தது சலவை செய்த சட்டை.

ஒரு மாதம் கழித்து அண்ணி இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதினார். என்னைக் கேட்கவில்லை, தம் கையாலேயே எழுதினார். பூசிய தேதி, பதித்த தேதி, தவறு தம்முடையது என்ற செய்தி, நான்கே வரிகள். அதை எடுத்துக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனார். திரும்பும் வழியில் என் வீட்டுக்கு வந்து, அங்கே நடந்த பேச்சை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, "இப்ப இது எதுக்கு மேடம்? டாக்டரே மறந்துட்டார்" என்றாராம்.

"என் வீட்டுக்காரர் மேல பழி இருக்கு."

"அவர் பேரே அதுல இல்லையே."

"அட்டைலயும் இல்ல. இனிமே ரெண்டு பேர் பேரும் போடணும்."

"தாராளமா போடலாம். ஆனா ரெண்டு பேர் இருந்தா, யாரு என்ன செஞ்சாங்கன்னு வாங்கறவங்க கேப்பாங்க. விலை பாதியாயிடும். நீங்க சம்பாதிச்ச பேரு. உங்க இஷ்டம்."

இதைச் சொல்லிவிட்டு அண்ணி கைப்பையைத் திறந்து காட்டினார். திரும்ப வாங்கிவந்த கடிதம் மடித்தபடி உள்ளே இருந்தது.

"என் இஷ்டம்னு விட்டுட்டார் தம்பி. நான் வாயத் தொறக்கல. முதல் தடவை பயத்துல செஞ்சேன். இன்னிக்கு என்னத்துல செஞ்சேன்?"

முதல் கடிதத்தை எழுதியவனுக்கு அதற்கு விடை சொல்லும் தகுதி கிடையாது.

அதன்பிறகும் அண்ணன் ஐந்தாண்டுகள் உடல் செய்தார். எப்போதும்போல வேடிக்கை பேசினார். டீச் சில்லறைக் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சிமென்ட் விரல்களை அரித்துவிட்டதால் சென்ற ஆண்டு மருத்துவர் அந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அண்ணி இப்போது மரப்பலகைமேல் சுவர்ப்படங்கள் மட்டும் பதிக்கிறார். வேறு கொத்தனாரை வைக்க அவர் ஒப்பவில்லை.

நான் எழுதாமல் விட்ட நாளை நிரப்பச் சொன்னவர் அண்ணிதான். இதை எழுதி முடித்ததும் இருவருக்கும் படித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தேதியெல்லாம் சரியா இருக்கு" என்றார். அண்ணி, "என்னை இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதியிருக்கலாம்" என்றார். நான் எதையும் மாற்றவில்லை.

அண்ணன் உடல் செய்த சிலைகள் நாற்பத்தொன்று. அவர் பெயர் இடம்பெற்ற அட்டை எதுவுமில்லை. முதல் கோழியிலிருந்து கடைசிச் சிலைவரை, பதினான்கு ஆண்டுகள்.