சாம்பலனை நடந்துகொண்டே படிக்கிறவர்

கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்த கையோடு கட்டுக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்துவிடுவார். அடுத்த நோயாளி நொண்டிக்கொண்டு உள்ளே வர எப்படியும் இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் நாலு பக்கம். உட்கார்ந்து படிக்கிற சமாசாரமே கிடையாது. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே படிப்பார். நடுவில், "அட பாவி, அழுக்குத் துணியவா சுத்தறே!" என்று புத்தகத்தைப் பார்த்து ஓர் அதட்டல் போடுவார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் உள்ளே யாருக்கோ திட்டு விழுகிறது என்று மிரண்டு போவார்கள்.

ஐம்பத்து மூன்று வயது. அந்தப் பெரிய மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாகப் புண் துடைத்துக் கட்டுப் போடுகிறார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலத்தான் எப்போதும் இருப்பார். "ஊருக்கெல்லாம் 'அசையாம இருங்க'ன்னு சொல்ற மனுஷன், வீட்டுல அஞ்சு நிமிஷம் அசையாம இருந்து நான் பார்த்ததில்ல" என்பாள் மனைவி.

அவர் கையில் இருக்கும் புத்தகம் படக்கதை. அதில் வருகிற வீரனுக்குச் சாம்பலன் என்று பெயர். பறக்க மாட்டான், கண்ணிலிருந்து நெருப்பும் வராது. பூட்டு ரிப்பேர் செய்து பிழைக்கிற ஆள், ஒரு கிழிந்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஊரிலுள்ள அயோக்கியர்களைத் தட்டிக் கேட்கப் போவான். பாதி நேரம் அவன்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவான். பக்கமெல்லாம் கறுப்பு மை. படித்து முடித்தால் விரல்கூடக் கறுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "மத்த வீரனுங்களைப் பாருங்க. மாடியிலேர்ந்து விழுவான், அடுத்த கட்டத்துல புது மாப்பிள்ளை மாதிரி நிப்பான். இவன் அப்படியில்ல. மூணாம் பக்கத்துல முட்டி போச்சுன்னா முப்பதாம் பக்கத்துலயும் நொண்டறான். அப்படியும் போறான் பாருங்க, அதுதான் விஷயம்!" கதையில் ஊர் கடைசிவரை திருந்துவதில்லையே என்றால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "ஊர் திருந்திடுச்சுன்னா என் ரூம்ல கூட்டம் குறையணுமே? குறைஞ்சிருக்கா?"

நாலாம் பாகத்தில் சாம்பலனின் தோளில் ஐந்து தையல். பதின்மூன்று பக்கம் தள்ளி நாலுதான் இருந்தது. கதையில் ஒரே நாள்தான் கழிந்திருக்கிறது. "ஒரே நாள்ல எவன்டா தையல் பிரிச்சது?" என்று கொதித்துப் போய்ப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 'தவறுக்கு வருந்துகிறோம், அடுத்த பதிப்பில் ஐந்தாவது தையல் போடப்படும்' என்று பதில் வந்தது. மருந்து அலமாரியில் அதை ஒட்டி வைத்திருக்கிறார்.

சாம்பலனை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மகள். பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தவளைக் கண்டிக்கத்தான் பிடுங்கினார். பிடுங்கியவர் நின்ற நிலையிலேயே அறுபது பக்கம் படித்துவிட்டு, "ரெண்டாம் பாகம் எங்கடி?" என்றார். அன்றிலிருந்து அப்பனும் மகளும் கூட்டாளிகள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. இரண்டு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறாள். வெறும் பயிற்சியாக இருந்தவரை அவர் தடுக்கவில்லை. போன திங்கட்கிழமை முதல் போட்டிக்கான படிவத்தை நீட்டினாள். பதினெட்டு ஆகாததால் பெற்றவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்பா."

"மூஞ்சில குத்து வாங்கறதுக்கு நான் சீட்டு எழுதித் தரணுமா? நடக்காது."

"சாம்பலன் வாங்கினா மட்டும் ரசிச்சு ரசிச்சுப் படிக்கிறீங்க?"

"அவன் காகிதம்டி!"

"அடிபட்டும் போறான், அதுதான் விஷயம்னு யார் சொன்னது? நானா சொன்னேன்?"

தண்ணீர் குடிக்கப் போன கட்டுக்காரர் குடிக்காமலேயே திரும்பி வந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! நான் போடுகிறேன் கையெழுத்தை என்று மனைவி முன்வந்தாள். மகள் ஒப்பவில்லை. "அப்பாதான் போடணும். இல்லன்னா நான் போகல."

அப்புறம் அந்த மனிதருக்கு எங்கே இருப்புக் கொள்ளும்? வேலையில் ஒரு பெரியவரின் பாதத்தைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, பிசிறில்லாமல் ஒரு கட்டுப் போட்டு முடித்தார். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "கட்டு ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா புண்ணு அந்தக் கால்ல இருக்கு." இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை சாம்பலனின் ஒன்பதாம் பாகம் வந்தது. ஆறாம் பக்கத்திலேயே சாம்பலனுக்குப் புருவம் கிழிந்து கண்ணில் இரத்தம் இறங்கியது. வேறு சமயமாக இருந்தால், எத்தனை தையல் விழும் என்று அடுத்த பக்கத்துக்குப் பறந்திருப்பார். இப்போது அந்தப் புருவம் வேறு யாருடைய புருவமாகவோ தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டார். பயம். வேறென்ன?

வெள்ளிக்கிழமை காலை மகள் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். படிவம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்து முடிந்தாள். கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"பேனா எங்க வச்சுத் தொலைச்சீங்க எல்லாரும்?" என்று கத்தினார்.

மனைவி பேனாவைக் கொண்டுவந்து தந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரிக் கையெழுத்தைப் போட்டார். மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கீழே 'அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்' என்று ஒரே ஒரு கோடு இருந்தது. தன் எண்ணை எழுதினார். வேலை நேரத்தில் எடுக்க முடியாதே என்று கட்டு அறை எண்ணை அதன் கீழே எழுதினார். அது எப்போதும் பேச்சில் இருக்குமே என்று நர்ஸம்மா எண்ணை எழுதினார். அப்புறம் மனைவியின் எண், எதிர்வீட்டுக்காரர் எண், மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்து எண். எழுத்து ஓரமெல்லாம் ஏறி மேலே போனது.

"அப்பா, ஒண்ணு போதும்பா."

"நீ சும்மா இரு" என்று சொல்லி, தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.