பத்துப் பேருக்குக் குறையாமல்

ஜஹனாராவுக்குப் பதினொரு வருடமாக ஒரே பதவி: கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. அடையாறில் அவள் புள்ளியியல் எடுக்கும் தனியார் கல்லூரியில் எடுத்த வகுப்புக்குத்தான் சம்பளம்; அதிலும் பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்த வகுப்புக்குக் காசு கிடையாது. பிள்ளைகள் மட்டம் போட்டால் டீச்சர் சம்பளத்தில் கை வைப்பார்களாம், நல்ல நியாயம்! ஸ்டாஃப் ரூமில் அவளுக்கென்று நாற்காலி இல்லை. பாலவாக்கத்து வாடகை அறைக்குப் போனாலும் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நாள் முழுக்க அவள் வாய் திறந்து பேசுவதே வகுப்பில்தான்.

புதன்கிழமை கடைசி வகுப்புக்கு நாலே பேர் வருவார்கள். காசு வராது என்று தெரிந்தும் அவள் அதை விடவில்லை. ஒருநாள் சாருலதா என்ற பெண் கேட்டாள்:

"மேம், பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு போட்டிருக்கான். நான் மட்டும் ஏன் எப்பவும் இருபது நிமிஷம் நிக்கறேன்?"

அடேயப்பா, என்ன கேள்வி! நாலு பேரும் ஆளுக்கொரு பதிலோடு மல்லுக்கு நின்றார்கள். போர்டில் எழுத இடமில்லை. மணி அடித்ததே யாருக்கும் தெரியவில்லை. அன்று ஜஹனாரா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமை வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அந்தப் பஸ் கணக்கைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பிவிட்டாள், பாவம். பாடத்தை ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் எல்லாத் தலையும் செல்போனில் கவிழ்ந்தது. சாருலதா கையைத் தூக்கினாள்.

"ஏய், ஒனக்கோசரம்தான் வந்து குந்திகினு கீறோம். கேள்வி கேட்டு இழுக்காத," என்றான் பின்வரிசை ஃபராஸ்.

அவள் கையை இறக்கிவிட்டாள்.

"டவுட் ஏதாவது?" என்றாள் ஜஹனாரா.

"இல்ல மேம்!"

மணி அடித்ததும் அறை காலி. சாருலதா மட்டும் மேசையருகே வந்தாள்.

"ஆபீஸ்ல சொன்னாங்க மேம், நாங்க நாலு பேர் வந்தா உங்களுக்குச் சம்பளம் இல்லையாமே. சத்தியமா எங்களுக்குத் தெரியாது. அதான் எல்லாரையும் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். இனிமே வாரா வாரம் கூட்டிட்டு வந்துடறேன்."

நீங்கள் நாலு பேர் வந்தால் போதுமம்மா என்று சொல்ல ஜஹனாராவுக்கு வாய் துடித்தது. ஆனால் மாதத்துக்கு நாலு புதன்கிழமை. அந்தக் காசு வந்தால் கரண்ட் பில்லும் கட்டலாம், பஸ் பாஸும் எடுக்கலாம்.

"ரொம்ப தேங்க்ஸ்மா," என்றாள். "கூட்டிட்டு வா."